ஹேமநாத்தின் ஆள்காட்டி விரல்

வெதுருகுப்பம் கூட்ரோட்டில் ரவியின் நினைவுத் தூணைத் திறந்துவைக்கப் பெரிய மனிதர் ஹேமநாத் வந்திருந்தார். பேனரில் அவர் முகம் லாரி டயர் அளவுக்கு இருந்தது. எல்லையில் உயிரை விட்ட ரவியின் முகம் ஒரு மூலையில், கோலிகுண்டு அளவுக்கு. கீழே 'சமாதானச் செம்மல்' என்ற பட்டம். அது ஹேமநாத்துக்கு. கொடுத்ததும் ஹேமநாத்தான்.

தவில்காரர் தனசேகருக்கு ஒரே கவலை: ரவியின் அம்மா செங்கமலம் கேட்டதைச் செய்ய வழியில்லையே! கார்வேட்டிநகரத்தில் அவருடைய மேளக் கோஷ்டியோடு சுற்றியவன் ரவி. பட்டாளத்தில் சேர்ந்த பிறகும், லீவில் வந்தால் யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடக் கேட்காமல் தவிலை வாங்கி மாட்டிக்கொள்வான். கெட்டிமேளத்தில் அவன் கை இறங்கினால், தாலி கட்டுகிற மாப்பிள்ளையே திரும்பிப் பார்ப்பான்.

"அவன் அடிச்ச அடிய ஒரு தபா அடி நைனா. அது போதும் எனக்கு" என்றிருந்தாள் செங்கமலம்.

ஹேமநாத்திடம் கேட்டதற்கு அவர் முகம் சுளித்தார். "கல்யாணமா இது? அஞ்சலின்னா சோகமா, டீசன்டா இருக்கணும். திருப்பதியிலேர்ந்து கீபோர்டு வருது. நான் கார்லேர்ந்து எறங்கும்போது நீங்க வாசிங்க. அப்புறம் மூச்சு விடக்கூடாது."

"மூச்சு விடாம நாயனம் எப்பிடி சார் ஊதறது?" என்றார் நாயனக்காரர் சம்பத்.

கீபோர்டு அழுது முடித்தது. ஹேமநாத் பேசினார். உலக சமாதானத்தில் தொடங்கி, தான் போட்டுக்கொடுத்த சிமென்ட் ரோடு வழியாக மறுபடி உலக சமாதானத்துக்கே வந்து சேர்ந்தார். நடுவில் இரண்டு முறை ரவியை ரமணா என்றார்.

"எவன்யா அந்த ரமணா?" என்றாள் செங்கமலம். "பாவம், எங்கியோ நல்லா துன்னுக்கினு இருப்பான், அவன சாவடிக்கிறாரு."

கடைசியில் ஹேமநாத் குரல் தழுதழுக்க, "இப்போது ஒரு நிமிடம்..." என்று ஆள்காட்டி விரலை உயரத் தூக்கி ஆட்டினார்.

தாலி கட்டும் நேரத்தில் வாயால் சொன்னால் எவன் காதில் விழும்? பெரியவர் யாராவது கூட்டத்துக்கு மேலே விரலைத் தூக்கி ஆட்டுவார்; உடனே கெட்டிமேளம். யோசித்தால் முகூர்த்தம் போய்விடும்.

தனசேகரின் கை யோசிக்கவில்லை. தவில் இடியாய் இறங்கியது. சம்பத்தின் நாயனம் பாய்ந்து சேர்ந்துகொண்டது. கெட்டிமேளம் கேட்ட கூட்டமும் யோசிக்கவில்லை. தூணுக்குப் போட வைத்திருந்த பூவையெல்லாம் எதிரே நின்றவர் தலையில் தூவியது. ஹேமநாத்தும் பக்கத்திலிருந்த கீபோர்டுக்காரரும் புது மாப்பிள்ளை, பெண் போல சாமந்தியில் நனைந்தார்கள்.

"யோவ்! மௌனம்னா தெரியாதா?" என்று கத்தினார் ஹேமநாத்.

தனசேகர் கையை எடுத்தார். செங்கமலத்தைப் பார்க்கவே பயம். அவளோ எழுந்து நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"ஏன் நைனா நிறுத்தின? அவன் கை எறங்கிச்சி, நான் கேட்டேன். இன்னும் முடியலியே."

"எல்லாரும் அமைதியா..." என்று ஹேமநாத் மறுபடி விரலைத் தூக்கினார்.

"பாரு, சாரே வெரல தூக்கிட்டாரு. அடி!"

இந்த முறை தனசேகர் யோசித்தார். யோசித்துவிட்டுத்தான் அடித்தார், ரவியின் அடி முழுவதையும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுத் தாளம் போட்டார்கள்.

"சண்ட போடற எடத்துல ரெண்டு பக்கமும் இத வாசிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் செங்கமலம். "சுடுன்னு சொன்னா எவன் காதுல விழும்?"

ஹேமநாத் விரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.