வாய்க்கால் கரையில் பூத்தவை

தெருமுனைவரை வந்த பாடை வாய்க்கால் கரையில் ஏறாமல் நின்றுவிட்டது. பறைச் சத்தமும் நின்றது.

முன்கொம்பைத் தோளில் வைத்திருந்த தாய்மாமன் கண்ணுசாமி, இறந்துபோன காளியம்மாளின் மகள் அம்சத்தைத் திரும்பிப் பார்த்தார். "கால் வைக்க எடம் இல்லியேம்மா."

சுடுகாட்டுக்கு அந்த ஒடுங்கிய கரைதான் வழி. இரண்டு ஓரமும் செண்டுமல்லியும் எள்ளும் துளசியும் பூத்துக் கிடந்தன. தெருப் பெண்களுக்குக் காளியம்மாள் சொல்லிக்கொடுத்து நடவைத்தவை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கூரையிலும் பூசணி காய்க்கவில்லை. பூத்தது, பிஞ்சு வெம்பி விழுந்தது. "வயல்ல அடிக்கிற மருந்துல தேனீ செத்துப்போச்சுடி. அது திரும்பி வரணும்னா எப்பவும் பூ இருக்கணும்" என்று வீடு வீடாகச் சொன்னாள். சிரித்தார்கள். விதையை அவளே கொடுத்தாள். ஒன்று ஓயும்போது அடுத்தது பூக்கிற மாதிரி நட்டுக் காட்டினாள். போன தையில் எல்லாக் கூரையிலும் காய்த்தது; பக்கத்து வீட்டு ராசம்மாள் கூரையில் மட்டும் பதினோரு பூசணி.

"வயல்ல எறங்கிப் போயிரலாமா?" என்றார் ஒருவர்.

வயலில் அதன் சொந்தக்காரர் பஞ்சநதம் குடையோடு நின்றிருந்தார். "கதிரு பால் கட்டுது. கால வச்சா போன தடவ மாதிரிதான்."

போன தடவை வீரையனின் பாடை வயலில் இறங்கியது. பஞ்சநதம் போட்ட கேஸில் ஏழு பேர் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். பாதை போட்டுத் தருவதாகச் சொல்லி மூன்று எலெக்‌ஷன் போய்விட்டது.

"தூளி கட்டி ஒத்த மூங்கில்ல முன்னும் பின்னுமா தூக்கிருவோம். செடி தப்பிச்சுக்கும்" என்றாள் ராசம்மாள்.

அம்சம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நேற்று நெஞ்சுவலி என்றபோது, வண்டி வராத அந்தத் தெருவிலிருந்து தூளியில்தான் மெயின்ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

"இன்னொரு தடவ தூளி வேணாம். பாடையிலயே போவட்டும். மிதிச்சுட்டுப் போங்க மாமா."

ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடை கரையேறியது. தண்டுகள் முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் பறை அதை மூடிவிட்டது.

முறை வைத்து விடும் தண்ணீர் நின்று வாய்க்காலில் சேறு மட்டுமே கிடந்ததால், குளிக்க முடியாமல் ஆண்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். வாசலில் அம்சம் குடத்தோடு நின்றாள். கண்ணுசாமி காலை நீட்டினார். விரலிடுக்கில் மஞ்சள் இதழ்கள் நசுங்கி ஒட்டியிருந்தன.

ஒரு சொம்பு ஊற்றினாள். இதழ் போகவில்லை. குனிந்து இன்னொரு சொம்பு மொண்டாள்.