குதிகாலில் பச்சைச் சிப்பி

படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாளின் மருமகளுக்கு, கல்யாணமாகி மூன்றாம் மாதம், இரண்டு குதிகாலிலும் பச்சைச் சிப்பி முளைத்தது. டாக்டர் பித்தவெடிப்புக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அம்மாளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு அயல்கடலிலிருந்து வந்து, உள்ளூர்ச் சிப்பியை மூச்சுமுட்ட மூடிக் கொல்கிற அதே சாதி. சனிக்கிழமைதோறும் தண்ணீர் வற்றும் நேரத்தில், சம்பளமில்லாமல் துறையின் தூண்களைச் சோதித்து அதைச் சுரண்டியெடுக்கும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பாள். கப்பல் வேலைக்குப் போன மகன் எங்கிருந்தோ கட்டிக்கொண்டு வந்த பெண்ணையும் அப்படித்தான் பார்த்தாள், அதை ஒளிக்கவுமில்லை.

தூண்களை முடித்துவிட்டு வந்து, அதே சுரண்டியால் மருமகளின் குதிகாலையும் சுத்தம் செய்வாள். வாளித் தண்ணீர் சிவக்கும். "வலிக்குதா?" என்பாள். "இல்ல அத்தை" என்று அந்தப் பெண் பொய் சொல்வாள். அடுத்த வாரமே மறுபடி முளைத்துவிடும். மகன் கப்பலேறிப் போனான், மருமகளுக்கு வயிறு மேடிட்டது, சிப்பிகள் கட்டைவிரல் பருமன் ஆயின. கூட்டத்தார் வருத்தத்தோடுதான் வந்து சொன்னார்கள்: சிப்பிகள் சினை கொட்டினால் கால் கழுவும் தண்ணீரோடு சாக்கடை வழியே கடலுக்குப் போய்க் கரை முழுக்கப் பரவும். அயலானது எதுவும் இங்கே சினை வைக்கக் கூடாது என்பது அம்மாளே போட்ட விதி. பிரசவம் முடிந்ததும் பெண்ணை வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்தாள்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை. அம்மாளையே மருமகளின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்தாள். ஒவ்வொரு வலிக்கும் சிப்பிகள் வாய் திறந்து மூடின. அந்தப் பெண் தன் பாஷையில் பெற்ற தாயைக் கூப்பிட்டுக் கதறினாள். எந்தப் பாஷையானாலும் அது புரிந்துவிடுகிறது. அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை வெளியே வந்தபோது, ஒரு சிப்பி குதிகாலை விட்டுவிட்டு அம்மாளின் உள்ளங்கையில் நார் விட்டுப் பிடித்திருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். "வேணாம், இருக்கட்டும்" என்றாள் அம்மாள்.

கூட்டத்தார் வாளியோடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்று வலது கையை விரித்துக் காட்டினாள். "சுரண்டணும்னா இதுலேர்ந்து ஆரம்பிங்க. அவ எங்கயும் போகமாட்டா." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். அன்றுமுதல் மருமகள் கால் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் கொல்லை மண்ணுக்குப் போயிற்று. சனிக்கிழமை அம்மாள் வழக்கம்போலத் தூண்களுக்குப் போனாள், உள்ளூர்ச் சிப்பியும் பிழைக்க வேண்டுமே. சுரண்டியை மட்டும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது. சில மாதம் கழித்துப் பேத்தியின் குதிகாலில் கடுகளவு பச்சை தெரிந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கடல் தண்ணீர் மாதிரி இருக்கட்டும் என்று, குளிப்பாட்டும் தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கினாள்.