மதியத் தூக்கம்

கண்காட்சி திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எல்லாப் படங்களுக்கும் ஃப்ரேம் போட்டு முடித்தவள், ஒரே ஒரு படத்தின் கண்ணாடியை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

படத்தில் அவள் அப்பா. சைக்கிள் கடை வாசலில் தூணில் சாய்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. ஒரு கை, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கீழே 'மதியத் தூக்கம்' என்று அச்சிட்டிருந்தது.

ஊரின் பழைய நாட்களை ஊருக்கே காட்டப் பதினெட்டு வருடம் கழித்து வந்திருந்தார், இந்தப் படங்களை எடுத்த கேமராக்காரர். ஃப்ரேம் கடைக்காரி யார் மகள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"விட்டுத் தொலைடி," என்றாள் அம்மா. "போனவர் திரும்பியா வரப்போறார்?"

"வர வேண்டாம்மா. அன்னிக்கு எவ்வளவு நேரம் நின்னான்னு அவன் வாயால வரணும். ஊரே கேக்கணும்."

படத்தை மண்டபத்தின் நட்டநடுவில் மாட்டினாள். மைக்கை அதன் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள்.

சாயங்காலம் கூட்டம் அங்கேதான் தேங்கியது.

"நம்ம பஞ்சர் கடைக்காரன்! கையைத் தண்ணில விட்டுட்டே தூங்கறான் பாரு, குடுத்து வெச்சவன்," என்றார் பழைய தபால்காரர். "எனக்கு மாத்திரை போட்டாலும் தூக்கம் வரமாட்டேங்குது."

"உன் தூக்கத்தைத்தான் ஆபீஸ்லயே தூங்கி முடிச்சிட்டியேப்பா," என்றார் தையல்காரர். கூட்டம் சிரித்தது.

அவள் முன்னால் வந்து, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டாள். "சார், இதை எப்படி எடுத்தீங்கன்னு சொல்லுங்களேன்."

கேமராக்காரருக்கு வாயெல்லாம் பல். மைக்கைப் பிடித்தார். "எல்லாம் பொறுமைதாம்மா. வெளிச்சம் முகத்துக்கு இறங்கி வரணுமே. அரை மணி நேரம் அசையாம நின்னேன்."

"அரை மணி நேரமா! நடுவுல யாரும் வரலையா சார்?"

"ஒரு சின்னப் பொண்ணு தூக்குச்சட்டியோட ஓடி வந்துச்சு. 'அங்கேயே நில்லு பாப்பா, அப்பாவை எழுப்பாதே'ன்னேன். பாவம், சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே நின்னுச்சு."

கைதட்டினார்கள். அது அடங்கும்வரை காத்திருந்து, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு நான்தான் சார். ஆஸ்பத்திரி எதிர்லயே இருந்துச்சு. எங்கப்பா தூங்கலை. நெஞ்சுவலி வந்து சாஞ்சு கிடந்தார். நீங்க வெளிச்சத்துக்காகக் காத்திருந்த அந்த அரை மணி நேரத்துலதான் செத்துப் போனார்."