உட்காரும் அளவு உயரம்

கள்ளியூரணி தேவாலயத்தின் கூரை இறங்கிக்கொண்டிருந்ததால் எப்சிபா அந்த ஞாயிற்றுக்கிழமையும் தலையணையோடுதான் ஆராதனைக்குப் போனாள். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பெஞ்சுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள், குனிவார்கள், பிறகு தவழ்ந்துபோய்க் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். மின்விசிறிகளைக் கழற்றியதில் கரண்டு மிச்சம் என்று கமிட்டி சந்தோஷப்பட்டது.

கூரை ஏன் இறங்குகிறது என்பது ஊருக்கே தெரியும். உண்மையல்லாத ஒன்றுக்குச் சபை ஆமென் சொன்னால் அது நாலு விரற்கடை இறங்கும். முன்பு வேறு தொல்லை இருந்தது. சபைக்குள் சண்டை வந்தால் கோயில் நீளும். கிட்டார் வாசிக்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சியாகக் கத்திய வருஷம், வாசலிலிருந்து பீடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓடியது. நற்கருணைக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பினார்கள். வெறுத்துப்போய், இனி யாரும் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை என்று சபை கூடித் தீர்மானித்தது. கோயில் பழைய நீளத்துக்குச் சுருங்கியது. அன்றுமுதல் கூரை இறங்க ஆரம்பித்தது.

அன்றைக்குப் பிரசங்கம் செய்ய வெளியூரிலிருந்து கிளாட்ஸன் என்பவர் வந்திருந்தார். நல்ல குரல். பீடத்துப் படியில் குப்புறப் படுத்து, மைக்கைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசினார். மாத்திரை சாப்பிடுகிறவன் கர்த்தரைச் சந்தேகப்படுகிறான் என்றார். சபை ஆமென் என்றது. கூரை எப்சிபாவின் கொண்டையைத் தொட்டது.

பக்கத்தில் அவள் மைனி, அதாவது அண்ணன் மனைவி, தங்கபுஷ்பம் படுத்திருந்தாள். அண்ணன் இறந்த பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்கபுஷ்பத்துக்கு வலிப்பு உண்டு. மாத்திரையால் அது பல வருஷமாக அடங்கிக் கிடந்தது. காணிக்கைப் பை வந்தபோது அவள் தன் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து அதற்குள் போட்டாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

எப்சிபா அதைப் பார்த்தாள். ஓரமாகக் கண்ணை மூடிப் படுத்திருந்த போதகரிடம் தவழ்ந்து போனாள்.

"ஐயா, இவர் சொல்லுறது தப்பு."

"தெரியும்மா."

"அப்ப எந்திரிச்சுச் சொல்லுங்க."

"சொன்னா கோயில் நீளும். ஆட்டோ புடிச்சு நற்கருணைக்கு வந்ததை மறந்திட்டியா? ஒருமனம் முக்கியம்."

"கூரை தலையில இடிக்குதே."

"எல்லாருக்கும் ஒண்ணாத்தானே இடிக்குது," என்றார் போதகர். அதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

எப்சிபாவுக்குப் பொறுமை போய்விட்டது. தலையைத் தூக்க முடிந்த மட்டும் தூக்கி, இந்த ஆள் புளுகுகிறார், இதற்கு ஆமென் சொன்னவர்கள் எல்லோரும் கழுதைகள் என்று சத்தமாகச் சொன்னாள். முதல் பாதி உண்மைதான். ஆனால் இரண்டாம் பாதியைக் கேட்டதும் சபையில் பாதிப் பேர் பிரசங்கியார் பக்கம் சேர்ந்தார்கள். மற்றவர்கள் இவள் பக்கம் சேர்ந்தார்கள். தரை சவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டது. எப்சிபா திரும்பிப் பார்த்தபோது தங்கபுஷ்பம் எங்கோ தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். கூரை ஏறவில்லை. ஒரே நேரத்தில் நீளமாகவும் தாழ்வாகவும் கோயில் இருந்தது இதுதான் முதல் தடவை.

எப்சிபா தவழத் தொடங்கினாள். அவள் கட்சிக்காரர்கள் வழியெல்லாம், நல்லாக் கேட்டீங்க என்று பாராட்டினார்கள். அவளுக்கு அது இனிக்கவில்லை. மைனியைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். எதிர்க்கட்சிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் தலையணையை நகர்த்தி வழிவிட்டார்கள்.

நடுவழியில், காணிக்கைப் பையை நெஞ்சுக்கடியில் வைத்து நகர்ந்துகொண்டிருந்த ஆபிரகாம்துரையைக் கண்டாள். அவர் சபைப் பொருளாளர்.

"மாத்திரையைக் குடுங்கண்ணே."

"காணிக்கையைத் திருப்பிக் குடுக்க வழக்கம் இல்லையே."

"அது காணிக்கை இல்லை. வலிப்பு மாத்திரை."

ஆபிரகாம்துரை பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு எடுத்துக் கொடுத்தார்.

எப்சிபா போய்ச் சேர்ந்தபோது அவள் முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னைக் கழுதைன்னுட்டியே."

"சொன்னேன் மைனி. அது தப்பு."

"அவரு சொன்னது?"

"அதுவும் தப்பு."

தங்கபுஷ்பம் திரும்பவில்லை. எப்சிபா மாத்திரை அட்டைகளை அவள் தலையணை ஓரத்தில் வைத்தாள்.

"நீங்க மாத்திரையைப் போட்டாலும் பக்கத்துல இருப்பேன், போடாட்டாலும் இருப்பேன். ஆனா போடணும் மைனி. அவர் சொன்னது பொய்."

தங்கபுஷ்பம் மல்லாந்து கூரையைப் பார்த்தாள். ஆமென் சொல்லவில்லை. ஒரு மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள்.

அவர்கள் தலைக்கு மேல் கூரை முனகியது. அந்த இடத்தில் மட்டும், இருவர் உட்காரும் அளவுக்கு, குடம் கவிழ்த்த மாதிரி மேலே எழும்பியது. அவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் முந்தானையால் எப்சிபாவின் முழங்கையைத் துடைத்துவிட்டாள்.

உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து மற்றவர்களும் தவழ்ந்து வந்தார்கள். ஆள் சேரச் சேரக் குடம் அகலமானது. போதகர் வந்து, நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை.

கடைசியாகக் கிளாட்ஸன் வந்தார். மைக் இல்லை. கோட்டின் முழங்கைகள் தேய்ந்திருந்தன.

"இடம் இருக்கா?" என்று கேட்டார்.

எல்லோரும் எப்சிபாவைப் பார்த்தார்கள். எப்சிபா தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரலாம் தம்பி. பிரசங்கம் கிடையாது."

அவர் சரி என்றார். ஆனால் அவருக்கு உட்கார வரவில்லை. இப்படிப்பட்ட கோயில்களிலேயே ஊர் ஊராகப் படுத்துப் பேசிப் பேசி அது மறந்துவிட்டது. எப்சிபா தோளைப் பிடித்தாள். தங்கபுஷ்பம் காலைப் பிடித்தாள்.

"முட்டியை மடக்குங்க."

"எந்த முட்டியை?" என்று கேட்டார் பிரசங்கியார்.

"எதுவானாலும் சரி, மெதுவா," என்றாள் எப்சிபா.