இலஞ்சி வரை ஒரு டெஸ்ட் டிரைவ்

"சார், வண்டிய ஒருக்க ஓட்டிப் பாக்கணும்" என்று வாசலில் நின்று ஜாய் சொன்னதும், ஜெபசிங் நாற்காலியை விட்டு எழுந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தன்னோடு முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை வீட்டைவிட்டுக் கிளப்ப அவளுக்கு இந்த ஒரு வழிதான் மிச்சமிருந்தது. மறதி முற்றியதிலிருந்து வீட்டுக்குள் அவள் அவருக்கு யாரோ ஒருத்தி. போன வாரம் சமையலறையில் அவளைக் கண்டு மிரண்டு, திருட வந்தவள் என்று நினைத்து, இடது கையை முறுக்கித் தள்ளிவிட்டார். கார் ஷோரூமில் விற்பனை பார்த்தவருக்கு, காரில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவள் கஸ்டமர். கஸ்டமரிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

பெங்களூரிலிருந்து மகள் ஷாரோன்தான் இலஞ்சி முதியோர் இல்லத்தில் பேசி அவருக்கு இடம் வாங்கினாள். அவருடைய துணிப்பெட்டியை ஜாய் காலையிலேயே டிக்கியில் வைத்துவிட்டாள்.

தென்காசி பஜாரைத் தாண்டுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "தொண்ணூத்தெட்டுல இறங்குன வண்டி மேடம் இது. சான்ட்ரோ. அப்பம் இந்தக் கம்பெனி பேரையே ஒருத்தரும் கேள்விப்பட்டதில்ல. தகர டப்பாவத் தூக்கி நிறுத்துன மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க. இப்பம் பாருங்க, டாக்டரு, வாத்தியாரு, எல்லாரும் இதத்தான் கேக்காங்க. உசரமான ஆளும் தல குனியாம ஏறலாம். சேல கட்டுனவங்களுக்கும் தோதா இருக்கும்."

வார்த்தை பிசகாமல் சொன்னார். சாப்பிட்டோமா என்பதை மறக்கிறவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே வாங்கிய வெள்ளி நிற வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. சான்ட்ரோ தயாரிப்பதை இரண்டாயிரத்துப் பதினாலில் கம்பெனி நிறுத்தியபோது, ஷோரூமிலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாலு வருஷம் கழித்து அதே பெயரில் புது வண்டி வந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். மறுபடியும் நிறுத்தியபோது அவருக்கு ஷாரோன் பெயரே தடுமாற ஆரம்பித்திருந்தது. ஜாய் அதை அவரிடம் சொல்லவேயில்லை.

சாரல் விழுந்தது. குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. கியர் மாற்றும்போது மணிக்கட்டு சுரீரென்று வலித்து, அவள் முகம் சுளித்தாள்.

"கையில என்ன மேடம் கட்டு?"

"கதவுல இடிச்சிட்டு."

"பாத்து இருங்க. வீட்ல சார்ட்ட சொல்லி ஒத்தாசை பண்ணச் சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றாள். வைப்பரைப் போட்டாள். கண்ணாடி தெளிந்தது, கண் தெளியவில்லை.

இலஞ்சி வயலோரம் வரும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு என்ன மேடம், பழகுன கை மாதிரி ஓட்டுதிய. எங்க வீட்டுக்காரிக்கு ஸ்டியரிங்கத் தொடவே பயம். ஸ்டாஃப் விலையில ஒண்ணு எடுத்து, ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் இந்த ரோட்லயே அவளுக்குப் பழக்கணும்னு இருக்கேன்."

வண்டியை வாங்கத்தான் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பழக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே போனது. அவருக்கு வழிகள் மறந்தபிறகு, ஐம்பத்தொன்பது வயதில், அவளாகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பழகினாள். அதெல்லாம் பழைய மனத்தாங்கல். அவர் மனதில் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வராமலேயே இருக்கிறது என்பதை இப்போதுதான் அறிந்தாள்.

"அவங்க பேரென்ன சார்?"

"ஜாய்" என்றார். சொல்லும்போது லேசாக வெட்கப்பட்டார்.

தென்னந்தோப்புக்குள் இருந்த இல்லத்தின் வாசலில் ராபியா குடையோடு காத்திருந்தாள். அங்கே வேலை பார்க்கும் பெண். பெட்டியை முதலில் வாங்கிக்கொண்டாள். "வாங்க சார், உள்ள காப்பி குடிக்கலாம்" என்றாள். ஜெபசிங் நகரவில்லை. ஜாயைப் பார்த்தார்.

"முடிவு என்ன மேடம்? வண்டி பிடிச்சிருக்கா?"

அப்படியே அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ராத்திரி தாழிட்ட கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, யாரது, யாரது என்று நடுங்கும் அவர் குரலும் நினைவுக்கு வந்தது.

"பிடிச்சிருக்கு. எடுத்துக்கிடுதேன் சார்."

"ரொம்ப சந்தோஷம்" என்று கையை நீட்டினார். வலது கையைக் கொடுத்தாள். அவர் உள்ளங்கை முன்னைப்போலவே சூடாக இருந்தது. அவரே முதலில் விடுவித்துக்கொண்டார்.

வளாகத்துக்குள் வண்டியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸில்தான் எடுக்கவேண்டும். ராபியா பிடிப்பதற்குள் ஜெபசிங் குடையை விட்டு விலகி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஜாய் கண்ணாடியில் பார்த்தாள். சாரலில் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, ஒரு கையைத் தூக்கி, "வரலாம் மேடம், வரலாம். லேசா லெஃப்ட்ல ஒடிங்க. பயப்படாதிய, நான் நிக்கேன்லா" என்று சொல்லிக்கொண்டே, கேட் வரைக்கும், ரோடு வரைக்கும், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்.