வெள்ளிக்கிழமைக் கூட்டாஞ்சோறு

மெஹர் பானு கெட்டிக்காரி என்று தெருவே சொல்லும். கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். நிக்காஹ் வீட்டில் எத்தனை படி அரிசி போடலாம் என்று கேட்கவும் சரி, பேசாமல் இருக்கிற மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் தூது போகவும் சரி, ஆள் வருவது அவள் வாசலுக்குத்தான். அதனால் சிப்பாய் சவரிநாதன் குடும்பத்தைத் தெருவோடு சேர்த்துவைக்கும் காரியத்தை அவள் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சவரிநாதன் பிரெஞ்சுக்காரன் காலத்துச் சிப்பாய். அந்தத் தெருவில் அது ஒன்றுதான் கத்தோலிக்க வேதக்காரர் வீடு. மற்றதெல்லாம் முஸ்லிம் வீடுகள். கொடி மாறுவதற்கு முந்தின கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு, இந்தியாவோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்டுக்கொண்டு கொஞ்சம் பேர் ஊர்வலம் போனார்கள். மறித்த சிப்பாய்களில் சவரிநாதனும் இருந்தார். அவர் வீசிய தடி ஊர்பேர் தெரியாத எவன் மேலாவது விழுந்திருக்கலாம். விழுந்தது நாலு வீடு தள்ளியிருந்த தையல்கார நூகுவின் வலது கையில். எலும்பு கூடிவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை.

ஐப்பசியில் கொடி மாறியது. சவரிநாதன் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். தெரு அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியது. கிளிஞ்சல்மேட்டு மீன்காரிகூட அந்த வாசலில் கூடையை இறக்காமல் போனாள். சவரிநாதன் சம்சாரம் அமலராணியோடு பேச்சுவார்த்தை வைத்திருந்தது மெஹர் பானு ஒருத்திதான். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் நாலு செங்கல் பெயர்ந்த இடம் ஒன்று உண்டு. பதினாலு வருஷமாக அந்த வழியாகப் பாத்திரங்கள் போய் வந்துகொண்டிருந்தன. போன பாத்திரம் வெறுமனே திரும்பியதே இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் சுவரின் அந்தச் சந்தருகே நின்றுகொண்டு அமலராணி சொன்னாள்: "புதுச்சேரிக்கு எந் தம்பி வீட்டுக்கே போயிரலாங்கிறாருக்கா. இந்தத் தெருவுல யாராவது ஒருத்தர் அவரோட உக்காந்து ஒரு வாய் சோறு தின்னாப் போதும். நாங்க ஏன் போறோம்?"

அமலராணி இல்லாத கொல்லையை மெஹர் பானுவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று முழுக்க யோசித்தாள். சவரிநாதனை விருந்துக்குக் கூப்பிட்டால் கூப்பிட்ட வீட்டைத் தெரு கரித்துக்கொட்டும். யார் வீட்டு விருந்தாகவும் இல்லாமல் இருந்தால்? வீட்டுக்கு ஒரு பதார்த்தம், தெருவில் ஒரு பந்தல், எல்லாருக்கும் பொதுவாய் ஒரு கூட்டாஞ்சோறு. நூகுவும் சவரிநாதனும் ஒரே சஹனில் உட்காரட்டும். நாலு பேர் ஒரே தாம்பாளத்தில் கைவைத்துத் தின்று எழுந்துவிட்டால் அப்புறம் பகை ஏது?

"கூட்டாஞ்சோறா? சின்னப் புள்ளைவ வெளையாட்டுல்ல அது?" என்று அவள் புருஷன் காஜா மைதீன் சிரித்தார். பிறகு, "சரி, செய்யி. ஞாயித்துக்கெளம வச்சுக்க, கடையும் சாத்திருக்கும்" என்றார்.

"இல்ல மச்சான், வெள்ளிக்கெளமதான். ஜும்மா முடிஞ்சு வர்றப்ப ஆம்பளைங்க மனசு எளகி இருக்கும். நூகு காக்கா அப்பதான் வருவாக."

இந்த யோசனை அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. போகிற வீட்டிலெல்லாம் அதைச் சொன்னாள். நூகுவின் மனைவி உம்மு சல்மா வீட்டுக்கு மட்டும் மூன்று தடவை நடந்தாள். முதல் தடவை உம்மு சல்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது தடவை, "அவரு கையில சோத்தப் பெசைய முடியாம படுற பாட்ட வந்து பாருங்க லாத்தா" என்று அழுதாள். மூன்றாவது தடவை, "ஒங்க மொகத்துக்காவ வரச் சொல்றேன். அந்த ஆளு தல குனிஞ்சு ஒக்காரணும், ஆமா" என்றாள். மெஹர் பானு தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துகொடுத்தாள்.

வந்து அமலராணியிடம் கொல்லைச் சந்தில் சொன்னபோது அவள் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று. உடனே கொஞ்சம் தயங்கினாள்.

"வெள்ளிக்கிழமையாக்கா?"

"ஆமா. ஏன், ஆவாதா?"

"ஆவாம என்ன? நான் மீன் செஞ்சு கொண்டாரேன். எங்களுக்கு அது போதும்."

மெஹர் பானு நெகிழ்ந்துபோனாள். வேதக்காரர் வீட்டுக் கறி ஹலாலா என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாதே என்றுதான் மீன் என்கிறாள், என்ன இங்கிதம் இவளுக்கு என்று புருஷனிடமும் சொல்லி மெச்சிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவள் மண்டை முழுக்க நெய்யும் அரிசியும் யார் வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது என்பதும்தான்.

வெள்ளிக்கிழமை தெருவே மணத்தது. ஒரு வீட்டிலிருந்து நெய்ச்சோறு, ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்கறி, ஒரு வீட்டிலிருந்து எலும்பு போட்ட தால்ச்சா, இன்னொரு வீட்டிலிருந்து கைமா உருண்டை. கத்தரிக்காயில்கூடக் கொழுப்பு மிதந்தது. அமலராணி விடியற்காலையில் கிளிஞ்சல்மேட்டுக்கே நடந்து போய்க் கொடுவா வாங்கிவந்து, குழம்பு வைத்து, அலுமினியச் சட்டியில் கொண்டுவந்தாள். "இத அவரு ஒக்கார்ற சஹனுக்கு வச்சிருங்கக்கா" என்றாள். மெஹர் பானு, "சரி சரி, வையி" என்று அடுக்களை மூலையைக் காட்டினாள். கறியும் மீனும் ஒரே சஹனில் ஆகாது, ஆம்பளைகள் எழுந்த பிறகு பெண்களுக்குப் பரிமாறிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜும்மா முடிந்து ஆண்கள் வந்தார்கள். பெண்கள் மெஹர் பானு வீட்டுக் கூடத்தில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நெருக்கி நின்று பார்த்தார்கள். பந்தலின் நடுவில் போட்ட சஹனில் காஜா மைதீனும், பக்கத்து வீட்டுத் தாவூதும், நூகுவும் உட்கார்ந்தார்கள். சவரிநாதன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நாலாவது ஆளாக, நூகுவுக்கு எதிரே உட்கார்ந்தார். உம்மு சல்மா கேட்டபடியே தலையைக் குனிந்துகொண்டார். தட்டிக்குப் பின்னால் மெஹர் பானு அமலராணியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சஹன் வந்தது. நெய்ச்சோற்றின் மேல் கறியைக் கவிழ்த்து, தால்ச்சாவை ஊற்றி, ஓரத்தில் உருண்டைகளை அடுக்கியிருந்தார்கள். மூன்று பேர் பிஸ்மில்லா சொல்லிக் கைவைத்தார்கள். நூகு மடங்காத விரல்களால் ஒரு கறித்துண்டைப் பிரித்தார். பிரித்ததைத் தான் வாயில் போட்டுக்கொள்ளாமல், சவரிநாதன் பக்கத்துச் சோற்றின் மேல் தள்ளி வைத்தார். பந்தலே அதைப் பார்த்தது.

சவரிநாதன் கை நீளவில்லை.

"எடுங்க" என்றார் காஜா மைதீன்.

சவரிநாதன் மெதுவாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாங்க கறி சாப்புடுறதில்ல. மீன் வருமுன்னு..."

தட்டிக்குப் பின்னால் மெஹர் பானு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினாலு வருஷம்! வெள்ளிக்கிழமை தன் வீட்டில் கறி ஆக்கினால் அமலராணி வீட்டுக்கு மட்டும் ஒரு முட்டையை அவித்து அனுப்பியவள் அவள். அவர்கள் வேதத்தில் வெள்ளிக்கிழமை கறி கூடாது என்பதை இந்தத் தெருவில் அவளைவிட அறிந்தவர் யார்? ஜும்மா, ஜும்மா என்று அலைந்ததில் அந்த நாளுக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு கணக்கு உண்டு என்பதை விழுங்கிவிட்டாள்.

நூகுவின் குரல் தட்டியைத் தாண்டி வந்தது. "என்னை அடிச்சதும் வெள்ளிக்கெளமதாங்க. அன்னைக்கு ஒங்களுக்கு நாளு தெரியலையோ?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். கூடத்தில் உம்மு சல்மா மெஹர் பானுவின் தோளை உலுக்கினாள். "பாத்தீங்களா லாத்தா கொழுப்ப! எம் மாப்புள தன் கையால எடுத்து வச்சது அருவருக்குதோ? நீங்கதானே ஒக்கார வச்சிய, சொல்லுங்க!"

பெண்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அமலராணியும் பார்த்தாள். அவள் பார்வையில் பயமே இல்லை. அக்கா சொல்லுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று நின்றாள். மீன் சட்டி நாலு எட்டில், அடுக்களை மூலையில்தான் இருந்தது. ஒரு தாம்பாளத்தில் வெறும் சோற்றைக் கொட்டி, மேலே குழம்பை ஊற்றி, "நாளு பாத்ததுல தப்பு என்னோடது, அவுக சொல்றது நெசம், இந்தச் சஹன்ல நாலு பேரும் கைவைங்க" என்று மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லியனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான். ஆனால் அத்தனை பெண்களுக்கு நடுவில், தான்தான் மறந்தேன் என்று சொல்ல அவள் நாக்கு எழவில்லை. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று வீடு வீடாய்ப் பீற்றியது அவள்தானே. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

அமலராணி தன் கையை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டாள். வெளியே சவரிநாதன் எழுந்து, நூகுவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பந்தலைக் கடந்து நடந்தார். யாரும் நிறுத்தவில்லை. மீதி மூன்று பேரும் அந்தச் சஹனில் ஒழுங்காகத் தின்னவில்லை. மீன் சட்டியை யாரும் திறக்கவில்லை.

அன்று ராத்திரி மெஹர் பானு ஒரு பொட்டுத் தூங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பொழுது விடிந்ததும் நூகு வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர்கள் வேதத்தில் வெள்ளிக்கிழமை விலக்கு என்பது, தான் மறந்தது, மீனை மூலையில் வைத்தது, வாயைத் திறக்காமல் நின்றது, எல்லாம். உம்மு சல்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

நூகு கை விரல்களைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நேத்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே தங்கச்சி" என்றார். "மீனத் தின்னுருப்பேன். முள்ளெடுக்க எனக்கு வராது. அவரையே எடுத்துத் தரச் சொல்லிருப்பேன்."

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, கெட்டுப்போன மீனைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்தாள். நல்ல கறியாக வாங்கிவரச் சொல்லி, மிளகு தூக்கலாய், அமலராணிக்குப் பிடிக்கிற பக்குவத்தில் ஆக்கி, அந்தச் சட்டி நிறையப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சந்து வழியே பார்த்தால் அந்தப் பக்கம் பாய்களைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராணி" என்று கூப்பிட்டாள். "இன்னைக்கு சனிக்கெளம புள்ள. கறி கொண்டாந்திருக்கேன். நூகு காக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவருக்கு இப்ப மனசுல ஒண்ணும் இல்ல. போவாதீங்க."

அமலராணி வந்தாள். கண் வீங்கியிருந்தது. சட்டியைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

"அவரு ஒத்துக்க மாட்டாருக்கா. நூகு அண்ணன் கேட்டதக்கூடத் தாங்கிக்கிட்டாரு, அடிச்சது வாஸ்தவந்தானேன்னுட்டாரு. 'பானு அக்காவுக்குத் தெரியுமே, அவங்க ஏன் சொல்லல'ன்னு ராவெல்லாம் அதையே கேட்டுக்கிட்டிருந்தாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

மெஹர் பானு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அமலராணி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சட்டியக் காலி பண்ணிக் குடுங்கக்கா. வண்டி வந்துரும், ஏனம் கட்டணும்."

மெஹர் பானு அடுக்களைக்குப் போய்க் கறியை வேறு பாத்திரத்தில் மாற்றினாள். சட்டியைக் கழுவித் துடைத்தாள். அடியில் ஒரு கை சர்க்கரை போடலாமா என்று டப்பாவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றுவிட்டு மூடினாள். சந்தில் காத்துக்கொண்டிருந்த கையில் வெறும் சட்டியைக் கொடுத்தாள்.