மரப்பு விடும்வரை

கடைவாய்ப் பல்லில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது, என் கணவர் அந்த லாரி டிரைவரிடம் கேட்டார்: "இவ்ளோ பெரிய உலகம் தானாவே வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க." வாயை அகலத் திறந்து படுத்திருந்தவர், "ஆ" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும், "அவரு ஒத்துக்கலைங்க. அவருக்கு வலிச்சுது" என்றேன். என் கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பல் டாக்டர். நான் அவர் மனைவி. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவளும் நானே என்பதால், அவர் பெற்ற வெற்றிகள் அத்தனைக்கும் நான் சாட்சி.

புதன்கிழமைதோறும் சர்ச்சின் பின்னறையில் வகுப்பு. நம் விசுவாசத்தை எப்படி விளக்குவது, யாராவது மடக்கினால் எப்படிப் பதில் சொல்வது என்று போதகர் கற்றுக்கொடுக்கிறார். அவரே நாத்திகராக மாறிக் கேள்வி கேட்பார். அந்த வேஷம் அவருக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்துவதில் எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. இரண்டாவது கேள்வியிலேயே என் கணவர் திருதிருவென்று முழிப்பார். அங்கே வாயடைத்துப்போகிறவர், இங்கே வந்து அடுத்தவர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு ஜெயிப்பார்.

ஆனால் அவர் விளையாட்டுக்கு அந்த வகுப்பில் சேரவில்லை. தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்தது அவருடைய அக்கா. இவருக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்த அக்காதான். தன் கணவர் நோயில் இறந்த பிறகு அந்த அக்கா, எனக்கு அண்ணி, சர்ச் பக்கமே வருவதில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். "அக்கா என்னைக்காவது கேப்பா. அன்னைக்கு எங்கிட்ட பதில் இருக்கணும்" என்பார் இவர். கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்ற பாடத்தைக் குளிக்கும்போதுகூட ஒப்பித்துப் பார்த்தார். சோப்பு நுரையோடு ஒரு மனிதர் சுவரிடம் வாதாடுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு அவர்மேல் பிரியம்தான் வந்தது.

அந்த அக்காவுக்கே ஒருநாள் பல் உடைந்தது. வந்து சாய்ந்ததும் முதலில் சொன்னார்: "பல்லை மட்டும் பாருடா. நீ போற கிளாஸைப் பத்தியெல்லாம் எனக்குத் தெரியும்."

"சரிக்கா. வலிச்சா கையைத் தூக்கு."

ஊசி போட்டார். பாதி உதடு மரத்தது. மெஷினை எடுத்தவருக்குக் கையோடு வாயும் சும்மா இருக்கவில்லை. "அக்கா, துன்பம்னா என்னன்னு நாம முதல்ல..." என்று தொடங்கினார். அண்ணி கையைத் தூக்கினார். இவர் பதறிப்போய் நிறுத்தினார். வலிக்கிறதா என்றால், இல்லை என்று தலையாட்டல். மறுபடி தொடங்கினார். மறுபடி கை. மூன்றாம் முறை கையைத் தூக்கியபோது அண்ணியின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. நான் இவர் காலை மிதித்தேன்.

இவர் அண்ணியின் வாயிலிருந்த பஞ்சை வெளியே எடுத்தார். "சொல்லுக்கா."

"இந்தக் கோணவாயை வெச்சுக்கிட்டு அதைச் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி குழறலாக. "மரப்பு விடட்டும்."

அதன்பிறகு இவர் பல்லை அடைத்து முடித்தார். வெளியே காத்திருந்தவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன். நாற்காலியை நிமிர்த்திவிட்டு, இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணி அவ்வப்போது உதட்டைக் கிள்ளிப் பார்த்தார். ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. என் கணவர் இத்தனை நேரம் வாய் மூடி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அவர் போறப்ப நான் பக்கத்துல இல்லடா" என்றார் அண்ணி. பேச்சு ஓரளவு தெளிந்திருந்தது. "சர்ச்ல முழங்கால் போட்டிருந்தேன், அவர் பொழைக்கணும்னு. ஆஸ்பத்திரியில என்னைத் தேடினாராம். நர்ஸ் சொன்னாங்க. 'எந்திரிச்சுப் போ, அவன் உன்னைத் தேடுறான்'னு ஆண்டவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இவர் வாயைத் திறந்தார். குளியலறையில் ஒப்பித்தது எதுவும் இந்தக் கேள்விக்கானது அல்ல என்று எனக்கே தெரிந்தது.

"தெரியலக்கா."

அண்ணி அவரையே பார்த்தார். "இவ்ளோ நாள் படிச்சு இதுதானாடா?" குரலில் கோபம் இல்லை. "செத்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாருக்கும் பதில் தெரிஞ்சிருந்துது. தெரியலன்னு சொன்னது நீ ஒருத்தன்தான்." பிறகு தண்ணீர் கேட்டார்.

கொண்டுவந்து கொடுத்தேன். மரப்பு முழுதாக விடாத ஓரத்தில் தண்ணீர் வழிந்து சேலையில் இறங்கியது. நான் துண்டை எடுப்பதற்குள் என் கணவர் உள்ளங்கையாலேயே அக்காவின் மோவாயைத் துடைத்துவிட்டார். "அசிங்கம், விடுடா" என்று சிரித்தார் அண்ணி. சிரித்ததில் இன்னும் வழிந்தது. இவரும் சிரித்துக்கொண்டே, மோவாய்க்குக் கீழே கையை ஏந்தியபடி, அண்ணி அடுத்த வாய் குடிப்பதற்காகக் காத்திருந்தார்.